எல்.எல்.பி. நடுவில் ஒரு வேலை ஆண்டு: யார் கையெழுத்துப் போடுவார்?

ஹாரோ_இரண்டாமாண்டு | 2024 அக்டோபர் 5

லண்டனில எல்.எல்.பி. இரண்டாம் வருசம். கோர்ஸ் 4 வருசம், மூன்றாவது வருசம் பிளேஸ்மென்ட் (வெளியில ஒரு இடத்தில வேலை). அது வீண் வேலை, 3 வருசத்தில முடிச்சிட்டு டிரெய்னிங் கான்ட்ராக்டுக்கு (சட்ட நிறுவனத்தில 2 வருசப் பயிற்சி வேலை) போடு எண்டு வீட்டில அண்ணா சொல்லுறார். ஒரு வருசம் வேலை செய்தா அது சொலிசிட்டர் (கட்சிக்காரரோட நேரடியா வேலை செய்யிற வழக்கறிஞர்) ஆகிறதுக்கு உண்மையில கணக்கில வருமா, இல்லாட்டி சிவியில ஒரு வரி மட்டும்தானா?

கோப்புக்காரன் | 2024 அக்டோபர் 5, இரவு

வரும். தானாக வராது.

2021 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் சொலிசிட்டர் ஆகும் வழி எஸ்கியூஇ என்ற தகுதித் தேர்வு. ஒரு பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, தேர்வின் இரண்டு பகுதிகளான எஸ்கியூஇ1, எஸ்கியூஇ2, குணநலச் சரிபார்ப்பு, அதோடு 2 ஆண்டு 'தகுதிபெறும் பணி அனுபவம்'. இந்தக் கடைசி விஷயத்தை எல்லாரும் கியூடபிள்யூஇ என்றுதான் சொல்கிறார்கள். பிளேஸ்மென்ட் ஆண்டு நேராக இதற்குள் விழும். முழுநேரமாக 12 மாதம் வேலை செய்தால் பாதி முடிந்தது. 9 மாதம் செய்தால் 9 மாதம். சம்பளம் வாங்கினாயா இல்லையா என்பதை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்ஆர்ஏ பார்ப்பதில்லை. பட்டத்துக்கு முன்னா பின்னா என்றும் கேட்பதில்லை.

கேட்பது ஒன்று: இதை உறுதிப்படுத்துவது யார்? ஒரு இங்கிலாந்து-வேல்ஸ் சொலிசிட்டர், அல்லது நிறுவனத்தின் சிஓஎல்பி. சிஓஎல்பி என்றால் அந்தச் சட்ட நிறுவனத்தில் விதிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. கையெழுத்துப் போடுபவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை, சொலிசிட்டர் திறன்களில் சிலவற்றையாவது வளர்க்க அந்த வேலை இடம் கொடுத்ததா, உன் நேர்மை பற்றி ஏதும் கேள்வி எழுந்ததா. நீ கெட்டிக்காரியா என்று அவர் மதிப்பெண் போடுவதில்லை.

ஆகவே நேர்முகத்தில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் இல்லை. "என் வேலையைப் பார்க்கும் சொலிசிட்டர் யார், முடிவில் கியூடபிள்யூஇ உறுதிப்படுத்துவாரா?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் ஓராண்டு உட்காராதே. பெரிய கம்பனியின் 'காம்ப்ளையன்ஸ்' பிரிவு, கவுன்சிலின் வீட்டு வாடகைப் பிரிவு, எச்ஆர் எல்லாம் விளம்பரத்தில் சட்ட வேலை மாதிரித்தான் தெரியும். மேலே சொலிசிட்டரே இருக்கமாட்டார்.

கோப்புக்காரன் | 2024 அக்டோபர் 6

நேற்றுச் சொன்னதில் ஒரு சேர்க்கை. கையெழுத்திடும் சொலிசிட்டர் அதே அலுவலகத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நடப்பு பிராக்டிசிங் சர்டிபிகேட் (தொழில் செய்வதற்கான உரிமம்) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் நீ வேலை செய்யும் காலத்திலேயே உன் வேலையைப் பார்த்திருக்க வேண்டும், மேற்பார்வையாளரிடம் உன்னைப் பற்றிக் கேட்டறிந்திருக்க வேண்டும். முடிந்தபிறகு தெரிந்த சொலிசிட்டர் மாமா ஒருவரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது இதில் சேராது.

இன்னொன்று. இரண்டு ஆண்டையும் அதிகபட்சம் 4 நிறுவனங்களில்தான் சேர்க்க முடியும். 2 வாரக் கோடைகால வேலையை அவசரப்பட்டுப் பதிந்து ஒரு இடத்தை வீணாக்காதே. யூனியின் இலவச சட்ட உதவி மையத்தில் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அது ஒன்று, பிளேஸ்மென்ட் ஒன்று, மிச்சம் இரண்டு பட்டத்துக்குப் பிறகு பாராலீகல் (சட்ட உதவியாளர்) வேலைக்கு.

கோவை_டு_பர்மிங்காம் | 2024 அக்டோபர் 9

அண்ணா, நான் ஸ்டூடென்ட் விசா. 3 வருஷக் கோர்ஸுக்குத்தான் சேர்ந்தேன், இப்ப பிளேஸ்மென்ட் ஆண்டு சேர்த்துக்கலாம்னு யுனிவர்சிட்டி சொல்றாங்க. வாரம் 20 மணி நேரம்தானே வேலை பார்க்கலாம்?

கோப்புக்காரன் | 2024 அக்டோபர் 9

தம்பி, 20 மணி நேர எல்லை பாடக் காலத்தில் நீயாகப் பார்க்கும் வேலைக்கு. கோர்ஸின் பகுதியாக, மதிப்பிடப்படும் பிளேஸ்மென்ட் என்றால் முழுநேரம் பார்க்கலாம். பட்டப்படிப்பில் அது மொத்தக் காலத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. 4-இல் 1 என்பதால் உனக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் விசா தேதியில். உன் விசா 3 ஆண்டுக்கானது. பிளேஸ்மென்ட் சேர்ந்ததும் 4-ஆம் ஆண்டுக்கு விசா போதாது. இதற்கு நாட்டை விட்டுப் போகாமலே நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் பல்கலைக்கழகம் புதிய சிஏஎஸ் (விசாவுக்கான சேர்க்கை உறுதி) தர வேண்டும், விசாக் கட்டணத்தோடு மருத்துவ மேல்கட்டணமும் கட்ட வேண்டும். மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் "சம்பளத்தோடு ஒரு வருஷம்" என்று மகிழ்ந்துவிடாதே. வேலை செய்யும் இடத்தின் முகவரியைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், அவர்கள் சரி சொல்வதற்கு முன் முதல் நாள் வேலைக்குப் போகவே கூடாது. பிளேஸ்மென்ட் முடிந்த தேதிக்கு மறுநாள் "இன்னும் ஒரு வாரம் உதவி பண்ணு" என்று அலுவலகம் கேட்டால் முதலில் பல்கலைக்கழகத்தைக் கேள்.

ஊருக்குத் திரும்பி வழக்கறிஞர் ஆகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள். கியூடபிள்யூஇ இங்கிலாந்து-வேல்ஸ் சொலிசிட்டர் ஆவதற்கு மட்டும். இந்திய பார் கவுன்சிலுக்கு வெளிநாட்டுப் பட்டம் பற்றித் தனி விதிகளும் தனித் தகுதித் தேர்வும் உண்டு. அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் கலக்காதே.

ஹாரோ_இரண்டாமாண்டு | 2024 அக்டோபர் 12

எப்ப தேடத் தொடங்க வேணும்? காசு எவ்வளவு போகும்?

கோப்புக்காரன் | 2024 அக்டோபர் 12

இன்றைக்கே தொடங்கு. பெரிய கம்பனிகளின் உள் சட்டத்துறைகள் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் ஆள் எடுத்து முடித்துவிடும். சிறிய சட்ட நிறுவனங்கள் விளம்பரமே போடாது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நேரே எழுதிக் கேட்பவர்களுக்குத்தான் அங்கே இடம். அப்படி எழுதும்போது பொது விலாசத்துக்கு அனுப்பாதே. நிறுவனத்தின் பெயரை எஸ்ஆர்ஏ பதிவேட்டில் தேடி, பிறகு எந்தத் துறை செய்கிறார்கள், எந்த சொலிசிட்டர் எந்தத் துறை என்று பார்த்து, அந்த ஆளுக்கு எழுது. பாதிப் பக்கம் போதும்: எத்தனை வாரம், எந்தத் தேதியிலிருந்து, யூனி என்ன எதிர்பார்க்கிறது, நீ எந்தப் பாடம் முடித்திருக்கிறாய்.

மூன்று விஷயத்தை உன் கோர்ஸ் கையேட்டிலேயே பார். குறைந்தது எத்தனை வாரம், இரண்டாம் ஆண்டில் என்ன மதிப்பெண் வேண்டும், பிளேஸ்மென்ட் ஆண்டு பட்டத்தின் இறுதித் தரத்தில் சேருமா. பல இடங்களில் அது தேர்ச்சி/தோல்வி மட்டும். சில இடங்களில் சிறு பங்கு சேரும். ஆஸ்டன், புரூனல், சரே, நாட்டிங்காம் டிரென்ட் போன்ற இடங்களில் பிளேஸ்மென்ட் பழைய வழக்கம், தேடித் தர அலுவலகமே உண்டு. ஆனாலும் இடம் பிடித்துத் தருவது அவர்கள் பொறுப்பு இல்லை. கடைசித் தேதிக்குள் கிடைக்காவிட்டால் நேரே இறுதியாண்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

காசு: இங்கிலாந்தில் உள்ளூர் மாணவரிடம் பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு முழுக் கட்டணத்தின் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. 2024-25-இல் 9,250-க்கு 1,850 பவுண்டு. மெயின்டனன்ஸ் லோன் (வாழ்க்கைச் செலவுக்கான மாணவர் கடன்) குறைந்த வீதத்தில்தான் வரும், வீட்டு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். இதுதான் பலரைக் கவிழ்க்கும் இடம். செப்டம்பர் முதல் வாரம் வாடகை, சம்பளமோ மாதக் கடைசியில். ஒரு மாத வாடகையும் பயணச் சீட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கு.

கோப்புக்காரன் | 2024 நவம்பர் 5

திருத்தம். நேற்று அரசு 2025-26-க்குக் கட்டணத்தை 9,535 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. தங்கச்சி, உன் பிளேஸ்மென்ட் அந்த ஆண்டில்தான். எனவே மேலே எழுதிய 1,850-ஐ 1,905 என்று படி.

கன்வேயன்சிங்_அக்கா | 2025 ஜனவரி 11

எல்லாரும் கையெழுத்து, கட்டணம் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போய் என்ன வேலை செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வீடு வாங்கல்-விற்றல் செய்யும் அலுவலகத்தில் பிளேஸ்மென்ட் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே வருவது இவை: லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற சொத்துப் பதிவு அலுவலகத்திலிருந்து பதிவுப் பிரதி எடுப்பது (டிசம்பரிலிருந்து ஒன்று 7 பவுண்டு, முன்பு 3, ஆகவே தேவையில்லாமல் இரண்டு தரம் எடுக்காதீர்கள்), ஓஎஸ்1 தேடல் (வாங்குமுன் பதிவேட்டைக் கடைசியாகச் சரிபார்ப்பது), முடிந்தபின் ஏபி1 பதிவு (வாங்கியவர் பெயரைப் பதியும் விண்ணப்பம்).

ஓஎஸ்1 உங்களுக்கு 30 வேலைநாள் முன்னுரிமை தரும், அந்த நாட்களில் வேறு பதிவு உங்களை முந்தாது. அதற்குள் ஏபி1 போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் பிழைவிடுவது இங்கேதான். 30 நாள் என்று காலண்டரில் எண்ணுவார்கள், அல்லது வங்கி விடுமுறையை மறப்பார்கள். தேடல் முடிவிலேயே முன்னுரிமை முடியும் தேதி அச்சாகி வரும். அதைப் பார்த்து டயரியில் இரண்டு இடத்தில் போடுங்கள்: முடியும் நாள் ஒன்று, அதற்கு 7 நாள் முன் ஒன்று. முத்திரை வரி விவரப்படிவம் வீடு கைமாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள். இங்கே வேலைநாள் கணக்கு கிடையாது, சாதாரண நாள். இரண்டு கணக்கும் ஒரே கோப்பில் ஓடுவதால்தான் குழப்பம்.

கோப்புக்காரன் | 2025 ஜனவரி 12

அக்கா சொன்னது சரி. வழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு அதே இடத்தில் வருவது பண்டில், அதாவது நீதிமன்றத்துக்கான ஆவணத் தொகுப்பு. எலக்ட்ரானிக் பண்டிலில் பக்க எண்ணைக் கணினிதான் போட வேண்டும், கையால் எழுதிய எண் ஏற்கப்படாது. அச்சில் தெரியும் எண்ணும் பிடிஎஃப் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கத்தில் சொல் தேட முடிய வேண்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் புக்மார்க், அதில் தேதியும் பெயரும். 200 முதல் 300 டிபிஐ போதும், அதற்கு மேல் வைத்தால் கோப்பு பருத்துவிடும். அட்டவணைப் பக்கத்தைக் கடைசியில் செருகினால் எல்லா எண்ணும் ஒன்றோ இரண்டோ தள்ளிப்போகும். பிறகு சாட்சி வாக்குமூலத்தில் உள்ள பக்கக் குறிப்பு முழுவதும் பிழை. ஆகவே அட்டவணைக்கு வெற்றுப் பக்கம் விட்டுத்தான் எண் போடத் தொடங்க வேண்டும்.

நேரப் பதிவு 6 நிமிட யூனிட்டில். 4 நிமிட அழைப்பு 1 யூனிட், 8 நிமிடம் 2. மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபடும். அழைப்பை வைத்த கையோடு எழுது. அட்டெண்டன்ஸ் நோட்டும் (அழைப்பு அல்லது சந்திப்பு பற்றிய குறிப்பு) அப்படித்தான்: யார், எப்போது, எவ்வளவு நேரம், என்ன கேட்டார், என்ன சொல்லப்பட்டது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். எஸ்கியூஇ2-இல் 16 பணிகள், 12 எழுத்து, 4 வாய்மொழி. கட்சிக்காரரைச் சந்தித்துவிட்டு அந்தச் சந்திப்புக் குறிப்பை எழுதுவதும் அதில் வருகிறது. பிளேஸ்மென்டில் 100 நோட்டு எழுதிய கை அங்கே தடுமாறாது.

ஹாரோ_இரண்டாமாண்டு | 2025 ஜனவரி 25

ஒரு தமிழ் சொலிசிட்டர் அலுவலகத்தில நேர்முகம். இமிகிரேஷன்தான் கூட. தமிழ் எழுத, வாசிக்க வருமா எண்டு திரும்பத் திரும்பக் கேட்டினம்.

கோப்புக்காரன் | 2025 ஜனவரி 25

கேட்பார்கள். உன் தமிழ் அங்கே பெரிய பலம். அதனாலேயே எல்லையைத் தெரிந்துகொண்டு போ.

இமிகிரேஷன் ஆலோசனை ஒழுங்குபடுத்தப்பட்ட வேலை. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி இல்லாதவர் அதைத் தொழிலாகச் செய்வது, காசு வாங்காவிட்டாலும், குற்றம். சொலிசிட்டரின் மேற்பார்வையில் அவர் சார்பாக நீ செய்யலாம். அலுவலகத்துக்கு வெளியே கோவிலில் சந்திக்கும் ஆளுக்கு "இந்தப் படிவம் போடுங்கோ" என்று சொல்லத் தொடங்காதே. அலுவலக எண்ணைக் கொடு, போதும். (இந்த ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும், இதுவரை ஓஐஎஸ்சி என்றிருந்த அமைப்பு இந்த மாதம்தான் இமிகிரேஷன் அட்வைஸ் அதாரிட்டி என்று பெயர் மாறியது.)

அடுத்தது மொழிபெயர்ப்பு. சிவில் நீதிமன்றத்தில் ஆங்கிலம் தெரியாத சாட்சியின் வாக்குமூலம் அவருடைய மொழியிலேயே எழுதப்பட வேண்டும். தமிழர் என்றால் தமிழில் தட்டச்சு செய்து, அவர் அதில் கையெழுத்திட்டு, பிறகு ஆங்கிலமாக்கி, மொழிபெயர்த்தவர் சரி என்று சான்று தந்து, இரண்டையும் தாக்கல் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் பழைய பழக்கம் 2020 ஏப்ரலிலிருந்து செல்லாது. இந்த வேலையை உன்னிடம் தந்தால் ஒரு கேள்வி கேள்: நான் மொழிபெயர்ப்பாளரா, கோப்பில் வேலை செய்பவளா? சான்றில் உன் பெயர் இருந்தால், பிறகு மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவள் நீ. வழக்கு பெரிதென்றால் வெளி மொழிபெயர்ப்பாளர்தான் நல்லது. அதைச் சொலிசிட்டரிடம் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து: ஆண்டு முழுவதும் உரைபெயர்ப்பாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது. அப்படியானால் கியூடபிள்யூஇ-க்காக நீ எழுதிவைக்கும் பதிவேட்டில் சட்ட வேலை எங்கே? வாரத்துக்கு ஒன்றாவது ஆராய்ச்சிக் குறிப்பு, ஒன்றாவது வரைவு என்று முன்பே பேசிவை.

ஹாரோ_இரண்டாமாண்டு | 2025 மார்ச் 8

இரண்டு இடம் கிடைச்சிருக்கு. ஒன்றில மாதம் 1,900. தமிழ் அலுவலகம் பயணச் செலவு மட்டும்தான் தருமாம். அடிப்படைச் சம்பளம் சட்டம்தானே, கேட்கலாமா?

கோப்புக்காரன் | 2025 மார்ச் 8

கேட்கலாம், சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. உயர்கல்விப் படிப்பின் பகுதியாக 1 ஆண்டுக்கு மேற்படாமல் செய்யும் வேலைக்கு தேசிய குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயமில்லை. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுநாள் உழைப்புக்குப் பயணச் சீட்டு மட்டும் என்றால், வீட்டில் இருந்து போய்வர முடியாத பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியதுதான். ஆனால் விதி இதுதான். ஒன்று கவனி: படிப்பின் பகுதி முடிந்தபின், அதே மேசையில் கோடையில் தொடர்ந்து வேலை செய்தால் அந்த விலக்கு கிடையாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு.

எதை எடுப்பது? 1,900 தரும் இடத்தில் சொலிசிட்டர் இருக்கிறாரா?

ஹாரோ_இரண்டாமாண்டு | 2025 மார்ச் 9

ஓம். கம்பனியின்ட சட்டத்துறை, 3 சொலிசிட்டர். எழுத்தில கேட்டன், கியூடபிள்யூஇ உறுதிப்படுத்துவம் எண்டு ஈமெயில் வந்திட்டுது.

கோப்புக்காரன் | 2025 மார்ச் 9

அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த ஈமெயிலை உன் சொந்தக் கணக்கிலும் வைத்துக்கொள்.

கோப்புக்காரன் | 2025 ஜூன் 21

வேலை தொடங்குமுன் பதிவேடு எப்படி வைப்பது என்று இன்னொருவர் தனியே கேட்டார், எல்லாருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை மாலை 20 நிமிடம். தேதி, என்ன வேலை, எந்தத் திறன், யார் திருத்தினார், என்ன சொன்னார். எஸ்ஆர்ஏயின் திறன் பட்டியல் ஏ முதல் டி வரை: நெறிமுறையும் சரியாக முடிவெடுப்பதும், சட்டத் தொழிலின் நுணுக்க வேலை, மற்றவர்களோடு வேலை, தன்னை நிர்வகித்தல். குறைந்தது இரண்டு திறன் வேண்டும். ஓராண்டில் எல்லாப் பிரிவையும் தொட்டுவிடலாம்.

கட்சிக்காரர் பெயர், முகவரி, கோப்பு எண் எதுவும் எழுதக் கூடாது. "வணிக வாடகை ஒப்பந்தம், சொத்து உரிமையாளர் பக்கம், பழுதுபார்ப்பு விதியை வரைந்தேன், சொலிசிட்டர் இரண்டு இடம் மாற்றினார்: 'நல்ல நிலையில்' என்பது தெளிவில்லை, புகைப்பட அட்டவணை சேர்க்கச் சொன்னார்." இவ்வளவு போதும். "ஆவணங்களில் உதவினேன்" என்று எழுதினால் 8 மாதம் கழித்து உனக்கே என்னவென்று புரியாது, கையெழுத்துப் போடுபவருக்கு எப்படிப் புரியும்? வரைவின் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகாதே. அது இரகசியத்தை மீறுவது, பிறகு குணநலக் கேள்வியாக உன்னிடமே திரும்பி வரும்.

கோப்புக்காரன் | 2025 செப்டம்பர் 3

வரி. முதல் நாள் ஸ்டார்டர் செக்லிஸ்ட் (புதிய ஊழியருக்கான வரிப் படிவம்) நிரப்பச் சொல்வார்கள். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் ஏ என்று குறி. கோடையில் கடையில் நின்றிருந்தால் ஏ அல்ல, அந்தக் கடையின் பி45-ஐ (வேலையை விடும்போது தரும் வரிச் சீட்டு) கொடு. பி45 இல்லாமல் பி (முன்பு வேறு வேலை இருந்தது) என்று குறித்தால், ஒவ்வொரு மாதத்தையும் தனியே கணக்கிடும் 1257எல் எம்1 என்ற வரிக் குறியீடு விழும். அப்போது மாதம் 1,900-இல் 1,047.50 போக மிச்சத்துக்கு 20 விழுக்காடு, மாதம் சுமார் 170 பவுண்டு வெட்டுவார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை 7 மாதச் சம்பளம் 13,300. ஆண்டு விலக்கு 12,570. கடைச் சம்பளத்தைச் சேர்க்காமல் பார்த்தால் உண்மையில் கட்ட வேண்டியது 146 மட்டும். ஆயிரம் பவுண்டு வரை வீணாக அவர்கள் கையில் கிடக்கும். திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் வாடகைக்கு இப்போது தேவை. தேசிய காப்புறுதி வேறு கணக்கு, ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனியே வெட்டப்படும், அது திரும்பாது.

கவுன்சில் வரி விலக்குக்கு யூனியிலிருந்து மாணவர் சான்று வாங்கிவை. வேலைக்குப் போனாலும் நீ சாண்ட்விச் கோர்ஸ் (நடுவில் வேலை ஆண்டு உள்ள படிப்பு) மாணவிதான்.

ஹாரோ_இரண்டாமாண்டு | 2025 அக்டோபர் 18

அண்ணா இப்பவும் விடுறார் இல்லை. டிரெய்னிங் கான்ட்ராக்ட் கிடைச்சா அது எப்படியும் 2 வருசம்தானே, அப்ப இந்த ஒரு வருசம் என்னத்துக்கு எண்டு கேட்கிறார்.

கோப்புக்காரன் | 2025 அக்டோபர் 18

உன் அண்ணா சொல்வதில் பாதி உண்மை உண்டு. முதலில் நான் "பாதி முடிந்தது" என்று எழுதியபோது இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எஸ்ஆர்ஏ உன் ஆண்டை ஏற்கும். ஒரு நிறுவனம் தன் பயிற்சிக் காலத்தை அதற்காகக் குறைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பல பெரிய நிறுவனங்கள் முழு 2 ஆண்டையும் கேட்கும். பயன் யாருக்கு? டிரெய்னிங் கான்ட்ராக்ட் கிடைக்காமல் பாராலீகலாக ஏறி வருபவருக்கு. அவருக்கு மிச்சம் 1 ஆண்டுதான். எஸ்கியூஇ இரண்டு தேர்வுக் கட்டணமும் சேர்ந்து 5,000 பவுண்டை நெருங்குகிறது, பயிற்சி வகுப்பு வேறு. அந்த ஒரு ஆண்டு அப்போது பெரிய காசு. பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆக நினைப்பவருக்கு இது பியூப்பிலேஜ் என்ற அவர்களுடைய பயிற்சிக் கணக்கில் வராது, அங்கே 12 மாதம் தனி.

ஹாரோ_இரண்டாமாண்டு | 2025 நவம்பர் 22

அவசரம். என்னை மேற்பார்க்கிற சொலிசிட்டர் டிசம்பர் 19-ஓட வேற இடம் போறா.

கோப்புக்காரன் | 2025 நவம்பர் 22

பதற வேண்டாம், ஆனால் திங்கட்கிழமையே பேசு. செப்டம்பரிலிருந்து டிசம்பர் 19 வரையான வாரப் பக்கங்களை அவவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அந்தக் காலத்தை அவவே போகுமுன் உறுதிப்படுத்த ஒத்துக்கொண்டால் மைஎஸ்ஆர்ஏ என்ற எஸ்ஆர்ஏ இணையக் கணக்கில் அந்தத் தேதிகளைப் பதிந்து அவவின் பெயரைக் கொடு. அலுவலக ஈமெயிலைக் கொடுக்காதே, 20-ஆம் தேதி அது செத்துவிடும். புதிய இடத்து விலாசம் அல்லது சொந்த விலாசம் கேள். மற்ற இரண்டு சொலிசிட்டர்களில் ஒருவரை அதே வாரத்தில் மேற்பார்வையாளராக எழுத்தில் நியமிக்கச் சொல், போகிறவ உன் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிட்டுப் போகட்டும். நிறுவனம் ஒன்றுதான் என்பதால் 4-இல் ஒரு இடம்தான் போகும்.

பதிவேடு இந்த வாரம் வரை எழுதியிருக்கிறாயா? இல்லாவிட்டால் இன்றிரவு அதைத்தான் முதலில் செய்.